துவரை மூட்டையில் வண்டு: குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

வாழப்பாடி அக்கா: பெரியப்பா, தை மாதம் அறுத்துக் கட்டி வைத்த துவரை மூட்டையின் மேல் வண்டு ஊர்கிறது. உரக்கடையில் விற்கும் வாயு மாத்திரையை வாங்கி மூட்டைக்குள் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிடலாமா?

ஆத்தூர் பெரியப்பா: வேண்டவே வேண்டாம், கண்ணு. அந்த மாத்திரையில் காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சு வாயு கிளம்பும். கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் மூட்டைகளைக் காற்றுப்புகாதபடி மூடிச் செய்கிற வேலையை, பிள்ளைகள் படுத்துறங்கும் வீட்டில் செய்யவே கூடாது. முதலில் ஒரு பிடி துவரையை வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பு.

வாழப்பாடி அக்கா: 📷 படம்

ஆத்தூர் பெரியப்பா: தோலின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கின்றன, பார்த்தாயா? அவை பயறு வண்டின் முட்டைகள். முட்டையிலிருந்து வரும் புழு நேரே பருப்புக்குள் துளைத்துச் சென்று, உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டானபின் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வருகிறது. தின்பதெல்லாம் அந்தப் புழுதான். வயற்காட்டில் காய் முற்றும்போதே வண்டு முட்டையிடத் தொடங்கிவிடுவதால், சாக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சேலம் தம்பி: வசம்புத் தூள் போட்டால் போதாதா, பெரியப்பா?

ஆத்தூர் பெரியப்பா: நன்றாகக் காய்ந்த புதுப் பயறு என்றால் கிலோவுக்கு 10 கிராம் கலந்து வைக்கலாம். ஆனால் பருப்புக்குள் புகுந்துவிட்ட புழுவை அது எட்டாது. இந்த மூட்டையைக் களத்தில் மெல்லியதாகப் பரப்பி, நல்ல வெயிலில் காயவைத்து, சலித்து, ஓட்டை விழுந்ததைப் புடைத்து நீக்கிவிட்டு, தாமதிக்காமல் பருப்பாக உடைத்துவிடுங்கள். முழுப் பயறில் பெருகுவதுபோல உடைத்த பருப்பில் இந்த வண்டு பெருகாது. விதைக்கு இதிலிருந்து ஒரு மணிகூட எடுக்காதீர்கள். விதைக்கு என்னிடம் செம்மண் பூசிக் காயவைத்த துவரை இருக்கிறது.

ஏற்காடு அத்தை: அண்ணா, இங்கே மூடுபனியில் எதைக் காயவைத்தாலும் மறுபடி ஈரம் ஏறிவிடுகிறது. கேழ்வரகுக்கு மட்டும் கவலையில்லை. மணி சிறியது, ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

ஆத்தூர் பெரியப்பா: அப்படியானால் உன் பங்கை மலைக்குக் கீழேயே காயவைத்து, சூடு ஆறியபின் மூடி இறுகிய டப்பாவில் போட்டு அனுப்பச் சொல்கிறேன். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மீந்த பயறில் ஈரப்பதம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மூட்டையைச் சுவரோடு சாய்க்காமல் மரச் சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும்.

வாழப்பாடி அக்கா: சரி, பெரியப்பா. நாளை வெயில் ஏறியதும் களத்தில் கொட்டிவிடுகிறேன். அத்தைக்கு எத்தனைப் படி வேண்டும்?

ஏற்காடு அத்தை: நான்கு படி போதும், பருப்பாகவே கொடுத்துவிடு.