மறு: ஷார்ஜே தஃபேருக்குத் தமிழ் – ‘தற்காலிகத் தூதர்’ போதுமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> ஷார்ஜே தஃபேர் என்பதற்கு நாளிதழ்களில் ‘தற்காலிகத் தூதர்’ என்று எழுதுகிறோமே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஷார்ஜே தஃபேர் (chargé d'affaires) என்றால் தூதர் தரத்தில் ஒருவர் இல்லாத இடத்தில், வேற்று நாட்டில் தன் நாட்டின் தூதுப் பணியை நடத்துபவர். ‘தற்காலிகத் தூதர்’ அன்றாடச் செய்திக்குச் சரி. இந்திய–சீனத் தூதரக வரலாற்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தால் அது நிற்காது. நான் இப்போது மாட்டிக்கொண்டிருப்பது அதில்தான்.

1961-இல் நம் தூதர் ஜி. பார்த்தசாரதி பீக்கிங்கிலிருந்து (இன்றைய பெய்ஜிங்) திரும்பினார். அவர் இடத்துக்கு டெல்லி யாரையும் தூதராக அனுப்பவில்லை. மறு ஆண்டு சீனத் தூதர் பான் சிலியும் டெல்லியை விட்டுப் போனார். அடுத்த இந்தியத் தூதராகக் கே.ஆர். நாராயணன் போனது 1976-இல். நடுவே 15 ஆண்டுகள். 1962 போரின்போது அங்கிருந்த பி.கே. பானர்ஜி, பின்னால் ஜகத் மேத்தா, 1970 மே தினத்தன்று தியானன்மென் மேடையில் மாவோ கைகுலுக்கிப் பேசிய பிரஜேஷ் மிஸ்ரா, எல்லாரும் ஷார்ஜே தஃபேர்கள். 15 ஆண்டு நீடித்த ஏற்பாட்டைத் தற்காலிகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதோடு, தூதரை அனுப்பாமல் இருந்ததுதான் அந்தக் காலத்தின் முக்கியச் செய்தி. ஒவ்வொரு பக்கத்திலும் ‘தூதர்’, ‘தூதர்’ என்று அடைமொழியோடு வந்துகொண்டிருந்தால் நாராயணனின் நியமனம் ஏன் பெரிய விஷயமானது என்பதே வாசகருக்குப் பிடிபடாது.

வேறுபாடு பெயரளவில் மட்டும் இல்லை. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவைப் பாருங்கள். தூதர் ஒரு நாட்டுத் தலைவரிடமிருந்து இன்னொரு நாட்டுத் தலைவருக்கு அனுப்பப்படுபவர். ஷார்ஜே தஃபேர் வெளியுறவு அமைச்சருக்கு அனுப்பப்படுபவர். குடியரசுத் தலைவரின் நியமன மடலை அவர் கொண்டுபோவதில்லை. அந்த மடலுக்கு எவ்வளவு எடை என்பதற்கு கே.எம். பணிக்கரே சாட்சி. 1948-இல் நான்கிங்கில் சியாங் கை ஷேக் அரசுக்குத் தூதராக இருந்தார். 1950-இல் பீக்கிங்கில் மாவோவிடம் புதிதாக மடல் கொடுத்துத் தூதரானார். ஆள் அதே, அனுப்பிய நாடு அதே. எதிரே இருந்த அரசு மாறியதால் மடலும் மாறவேண்டியிருந்தது.

இன்னும் பின்னே போனால் ‘ஏஜெண்ட் ஜெனரல்’. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனாவின் அப்போதைய தலைநகரான சுங்கிங்குக்கு முதலில் சஃபருல்லா கானும் பிறகு கே.பி.எஸ். மேனனும் போனது அந்தப் பெயரில். பிரிட்டிஷ் இந்தியா தூதர் அனுப்பக்கூடிய நாடாக இருக்கவில்லை. அதற்கு ‘முகவர்’ என்று எழுதினால் காப்பீட்டு முகவர் நினைவுக்கு வருகிறார். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

குழுமத்தில் முன்மொழியப்பட்டவற்றில் ‘துணைத் தூதர்’ கூடவே கூடாது. அது கான்சலுக்கு (வேற்று நாட்டு நகரங்களில் வணிகம், கடவுச்சீட்டு போன்ற வேலைகளைக் கவனிப்பவர்) போய்விட்டது. 1962-இல் லாசாவிலும் ஷாங்காயிலும் நம் துணைத் தூதரகங்கள் மூடப்பட்டன. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சீனத் துணைத் தூதரகங்கள் மூடப்பட்டன. ‘துணைத் தூதரகங்கள் மூடப்பட்டன, பீக்கிங்கில் துணைத் தூதர் தொடர்ந்தார்’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

‘தூதரகப் பொறுப்பாளர்’ என்பதைத்தான் முதலில் நான் எழுதிவைத்திருந்தேன். இந்தியாவின் கதைக்கு அது பொருந்தும்: கட்டடத்தின் பெயர் தூதரகம், தூதர் நாற்காலி காலி. பிரிட்டனின் கதைக்குப் பொருந்தாது. 1950 ஜனவரியிலேயே மக்கள் சீனத்தை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது, ஆனால் சியாங் அரசு ஒதுங்கியிருந்த தைவானில் தன் துணைத் தூதரகத்தை மூடவில்லை. அதனால் 1954 முதல் 1972 வரை இரு பக்கமும் ஷார்ஜே தஃபேர் நிலைதான். 1967 ஆகஸ்டில் செங்காவலர்கள் (மாவோவின் கலாசாரப் புரட்சி இளைஞர்கள்) தீ வைத்தது ஷார்ஜே தஃபேரின் அலுவலகத்துக்கு. அதற்குத் தூதரகம் என்ற பெயரே கிடையாது. தூதரகமே இல்லாத இடத்தில் தூதரகப் பொறுப்பாளர் எப்படி?

ஆகவே நடுவிலிருக்கும் ‘அகத்தை’ எடுத்துவிட்டு, தூதுப்பொறுப்பாளர் என்கிறேன். அவர் அலுவலகம் தூதுப்பொறுப்பகம். கருத்து சொல்லுங்கள்.

– – –

ஐயா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

உங்களுடைய ‘தூதர்’ எங்களுக்குத் தூதுவர். ஹை கமிஷனர் உயர் ஸ்தானிகர். அது கிடக்கட்டும். எங்கட பத்திரிகைகளில் ஒருவர் இல்லாத நேரத்தில் அவரின் வேலையைப் பார்க்கிறவருக்குப் ‘பதில்’ என்று போடுவோம்: பதில் நீதவான், பதில் பொலிஸ் மா அதிபர். பதில் தூதுவர் என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கைக்குள் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் ஆறெழுத்துக்கு மேலே ஒன்றைக் கட்டுகிறீர்கள்?

இன்னொன்று. தூதர் என்ற பேச்சே வரக்கூடாது என்கிறீர்கள், ஆனால் உங்கள் சொல்லே தூதில்தானே தொடங்குகிறது?

– – –

தங்கைக்கு வணக்கம்.

‘பதில்’ அருமையான முன்னொட்டு. தமிழ்நாட்டில் ‘பொறுப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுச் சமாளிக்கிறோம், அதைவிட இது எவ்வளவோ மேல். என் கை தயங்குவது ஓரிடத்தில்தான். ஷார்ஜே தஃபேரில் இரண்டு வகை உண்டு. தூதர் விடுப்பில் போனாலோ, மாற்றலாகிப் போய் அடுத்தவர் வரும்வரைக்குமோ பார்த்துக்கொள்பவர் ஒரு வகை. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு அவரைப் பற்றியது. அவருக்குப் பதில் தூதுவர் கச்சிதம். இன்னொரு வகை, அந்தப் பதவிக்கென்றே நியமிக்கப்பட்டுத் தலைமை வகிப்பவர், 1954-க்குப் பிந்தைய பீக்கிங்கின் பிரிட்டிஷ்காரர் மாதிரி. அவர் யாருக்கும் பதிலாக வரவில்லையே. அவருக்குத்தான் தனிச் சொல் கேட்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்லவும் அதுவே உதவும்.

ஒரு தூதர் திரும்பி இன்னொருவர் வருவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, முதல் வகை இரண்டாவது மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. 2019 ஆகஸ்டில் இந்திய–பாகிஸ்தான் தூதரக உறவு தரம் குறைந்த பிறகு இஸ்லாமாபாத்திலும் டெல்லியிலும் நடப்பது இதுதானே. அங்கே ‘பதில்’ போடுவதா வேண்டாமா என்பதைச் செய்தி எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாம் இங்கிருந்து சட்டம் போட முடியாது.

தூது பற்றிய கேள்வி நியாயம். தூது என்பது செய்யும் வேலை, தூதர் என்பது அதைச் செய்பவரின் தரங்களில் ஒன்று. குறளின் ‘தூது’ அதிகாரத்துக்கு முன்னுரை எழுதும்போது பரிமேலழகரும் தூது செல்வாரை ஒரே தட்டில் வைக்கவில்லை: தான் வகுத்துக் கூறுவார், கூறியது கூறுவார் என்று பிரிக்கிறார், முதல் வகையினரை அமைச்சரோடு ஒப்பாக வைக்கிறார். ஆகவே வேலை பொது, தரம் வேறு. எழுத்து எண்ணிக்கை கூடிப்போனது உண்மைதான். ‘தூதுப்பொறுப்பர்’ என்று ஒன்றைக் குறைக்கலாம், ஆனால் ‘பொறுப்பாளர்’ நாக்குக்குப் பழகியது.

வரைவில் இப்போதைக்கு இப்படிப் போடுகிறேன்: பொதுவாகவும் தலைமைப் பதவிக்கும் தூதுப்பொறுப்பாளர், இடைக்காலத்தவர் பதில் தூதுவர். தமிழ்நாட்டு வாசகருக்காக முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம்.

அடுத்து எனக்குத் தேவைப்படுவது ‘பெர்சோனா நான் கிராட்டா’ (persona non grata), அதாவது இந்த அயல்நாட்டு அலுவலரை இனி ஏற்கமாட்டோம் என்று ஒரு நாடு அறிவிப்பதற்கான சொல். 1967 ஜூனில் பீக்கிங்கிலிருந்த நம் அலுவலர்கள் இருவர்மீது உளவுக் குற்றம் சாட்டினார்கள். கே. ரகுநாத்தின் தூதரக அலுவலர் தகுதியையே பறித்து வெளியேற்றினார்கள், பி. விஜய்க்கு இந்தப் பட்டம். செய்தித்தாள்கள் எழுதும் ‘விரும்பத்தகாதவர்’ ஆளின் குணத்தைக் குறை சொல்வதுபோல ஒலிக்கிறது. ‘ஏற்பிலார்’ என்று ஒன்று தோன்றுகிறது. யாழ்ப்பாணத்தில் என்ன சொல்கிறீர்கள்?