வில்ஃப்ரிட் மெல்லர்ஸைப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கோபிக்காரன்:
எம்.ஏ. ஆய்வுக்கு வள்ளி கும்மிப் பாட்டின் மெட்டுகளை எடுத்திருக்கிறேன்; வள்ளி முருகன் கதையை வட்டமாக ஆடிக்கொண்டே பாடும் நம்ம கொங்குக் கலை அது. கதையை எழுது, சடங்கை எழுது, கும்மி மெட்டில் ஆராய என்ன இருக்கிறது என்று கல்லூரியில் ஒருவர் சொன்னது மனதை ரொம்பவே வருத்திவிட்டது. நண்பர் ஒருவர் மெல்லர்ஸைப் படிக்கச் சொன்னார். யார் அவர்? இங்கிலாந்துக்காரர் எழுதியது எனக்கு உதவுமா?

பவானிக்கரை:
உதவும் தம்பி. அவர் இசை ஆய்வாளர். 1914-ல் லெமிங்டன் ஸ்பாவில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் முதலில் ஆங்கில இலக்கியம், அப்புறம்தான் இசை. கவிதையை வரிவரியாகப் பிரித்துப் படித்த பழக்கத்தோடு இசைக்கு வந்தார். 1950-ல் கூப்ரான் என்ற பிரெஞ்சு இசை மேதையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார், அதே மனிதர் 1973-ல் பீட்டில்ஸ் என்ற பாப் இசைக் குழுவுக்கும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். மெட்டு எங்கே ஏறுகிறது, எந்தச் சுரத்தில் வந்து நிற்கிறது, பழைய நாட்டுப்பாடல்களின் ஐந்து சுர மெட்டு அதில் எப்படி ஒளிந்திருக்கிறது என்று பாட்டு பாட்டாகப் பார்க்கிறார். கும்மி மெட்டையும் அப்படியே பார்க்கலாம், யார் தடுப்பது?

நொய்யல் அம்மணி:
அவர் இசையமைப்பாளரும்கூட, அதை விட்டுவிடாதீங்க. 1964-ல் யார்க் பல்கலைக்கழகத்தில் இசைத்துறையைத் தொடங்கியபோது கூட வேலைக்குச் சேர்த்தவர்களும் இசையமைப்பாளர்கள்தான். படிப்பும் பாட்டும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன. நீங்களும் வட்டத்தில் இறங்கி ஆடிப் பாருங்க தம்பி. பெருந்துறைப் பக்கம் நாங்கள் ராத்திரி ராத்திரியாகப் பழகினோம், வேகம் கூடும்போது அதே வரி எப்படிச் சுருங்குகிறது, எந்த எழுத்து நீள்கிறது என்பது காலுக்குத்தான் முதலில் தெரிந்தது, காகிதத்தில் எழுதியபோது அது காணாமல் போனது. நம்ம கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் அய்யாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்ததே இந்தக் கலைக்காகத்தான், இதில் ஆராய ஒன்றுமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஈரோடு வாசகன்:
ஒன்றில் மட்டும் கவனம். மெல்லர்ஸ் சில இடங்களில் ஒரு சுர மாற்றத்திலிருந்து நேராக பைபிளில் வரும் ஏதேன் தோட்டத்துக்கே போய்விடுவார். படிக்க அழகாக இருக்கும், ஆனால் அதை ஆய்வேட்டில் செய்தால் தேர்வாளர் ஆதாரம் கேட்பார். முதலில் ஒலிப்பதிவு, அப்புறம் சுரக்குறிப்பு, விளக்கம் கடைசியில்.

கோபிக்காரன்:
மூன்று பேருக்கும் நன்றிங்க. இரண்டு நாளாகப் புத்தகத்தையே தொடாமல் இருந்தேன். அக்கா, அடுத்த அரங்கேற்றம் எப்போது? நான் வருகிறேன், பதிவு செய்யலாமா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுச் சொல்லுங்கள்.

நொய்யல் அம்மணி:
கேட்கிறேன். அரங்கேற்றம் வரை எதற்குக் காத்திருக்கணும், பழகும்போதே வாங்க.