ஆட்டிசம் விழிப்புணர்வு நடை: மண்டபம் கரையில் நாங்கள் சந்தித்தவர்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை:

ஏப்ரல் 2ஆம் நாளை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2007 டிசம்பரில் அறிவித்தது. 2008 முதல் அது கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. அந்த நாளையொட்டி மண்டபத்தில் ஒரு நடை நடத்தலாம் என்று எங்கள் ஊர்த் தன்னார்வலர்கள் கூடிப் பேசியபோது முதலில் எடுத்த முடிவு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தாமே நடக்கக்கூடிய நடையாக அது இருக்க வேண்டும் என்பதுதான். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் பதாகை பிடித்துப் போனால், பார்க்கிறவர்களுக்கு ஒரு நோயின் பெயர் போலத்தான் அது போய்ச் சேரும். ஆட்டிசம் நோயே அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறப்பிலேயே அமையும் வேறுபாடு. அப்படிப் பிறந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பதை ஊர் தன் கண்ணால் காண வேண்டும் என்று விரும்பினோம். நேரம், பாதை, உடை, ஓசை எல்லாவற்றையும் அந்த ஒரு முடிவை வைத்தே தீர்மானித்தோம்.

ஓசையைப் பற்றிய பேச்சுத்தான் நீண்டது. நம் பக்கத்தில் நான்கு பேர் சேர்ந்து தெருவில் இறங்கினாலே கொட்டும் வெடியும் ஒலிபெருக்கியும் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத வழக்கம். கொட்டுக்கான செலவைத் தாமே ஏற்பதாகக் கடைத்தெருப் பெரியவர் ஒருவர் முன்வந்தார். வேண்டாம் என்று சொன்னதும், “சத்தமே இல்லாமப் போனா எதுக்குப் போறீங்கன்னு யாருக்கு டீச்சர் தெரியும்?” என்று உண்மையான கவலையுடன் கேட்டார். இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் குக்கர் விசில், மிக்ஸி போன்ற அன்றாட ஓசைகளே தாங்க முடியாத வலியைத் தரக்கூடும் என்றும், காதைப் பொத்திக்கொண்டு அலறுவது பிடிவாதம் அல்ல என்றும் விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், தம் தங்கையின் பேரன் மிக்ஸி ஓடும்போதெல்லாம் கொல்லைக்கு ஓடிவிடுவதைச் சொல்லி, அதற்காக அவனை வீட்டில் எல்லோரும் அதட்டி வந்ததாகவும் கூறினார். கொட்டுக்கு ஒதுக்கிய தொகையைக் குடிநீருக்கும் தொப்பிகளுக்கும் தந்ததோடு, நடை கடந்து போகும் வரை பாட்டுப் போட வேண்டாம் என்று பாதையில் உள்ள கடைகளுக்கு அவரே நேரில் போய்ச் சொல்லிவந்தார். அந்தப் பேரனும் நடைக்கு வந்திருந்தான்.

உடையில் ஒரு தாயார் எங்களுக்கு வழிகாட்டினார். எல்லோருக்கும் ஒரே மாதிரி டிஷர்ட் அச்சிடுவதாக இருந்த திட்டத்தைக் கேட்டு, புதுத் துணியின் வாசனையும் பின்கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டும் தம் மகனுக்கு ஆகாது என்றார். ஆகவே பிள்ளைகள் துவைத்துப் பழகிய தம் சொந்த உடையிலேயே வந்தார்கள். பாதையின் ஒவ்வோர் இடத்தையும் முன்கூட்டியே படம்பிடித்து, பள்ளி வாசல், வேப்பமரம், தண்ணீர்ப் பந்தல், முடியும் இடம் என்று வரிசையாக அடுக்கிய அட்டையை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தோம். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால் இவர்களுடைய பதற்றத்தில் பாதி குறைந்துவிடும். வெயில் ஏறுமுன் காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். நடுவில் தாங்க முடியாமல் போகிறவர்களுக்காக ஒரு வகுப்பறையை மங்கலான வெளிச்சத்தில் ஆளரவமின்றி வைத்திருந்தோம். அதைச் சிலர் பயன்படுத்தினார்கள், சிலர் மீண்டும் வந்து நடையில் சேர்ந்துகொண்டார்கள்.

எங்களை மிகவும் அச்சுறுத்தியது கடல். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடம் திடீரென்று கையை விடுவித்துக்கொண்டு ஓடும் இயல்பு உண்டு. அவர்களில் பலரைத் தண்ணீர் ஈர்க்கும். அப்படி ஓடிப்போகும் பிள்ளைகளின் உயிரிழப்புக்கு நீரில் மூழ்குவதே முதன்மையான காரணம் என்பது பல நாடுகளில் பதிவான உண்மை. ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல் என்று அமைந்த ஊரில் இதைப் பேசாமல் நடையைப் பற்றிப் பேச முடியாது. எனவே நாட்டுப்படகுக்காரர்கள் வலை பின்னும் கொட்டகைக்குப் போனோம். அங்கிருந்த முதியவர் நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “கூப்பிட்டாத் திரும்பாத புள்ளைய எப்படி டீச்சர் நிறுத்துறது?” என்று கேட்டார். நாங்கள் சந்தித்தவர்களில் இத்தனை நேராக விஷயத்துக்கு வந்தவர் வேறு யாரும் இல்லை.

பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு பின்னால் துரத்தினால் பிள்ளை அச்சத்தாலோ விளையாட்டு என்று எண்ணியோ இன்னும் வேகமாக ஓடக்கூடும். ஆகவே பக்கவாட்டில் சுற்றிப்போய்க் கடலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொள்ள வேண்டும். ‘நில்’, ‘வா’ என்று ஓரிரு சொற்களுக்கு மேல் பேசக் கூடாது. தண்ணீரின் விளிம்புக்கு வந்துவிட்டால் அலறினாலும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு அடிக்கவோ திட்டவோ கூடாது என்று சொன்னோம். பாசி எடுக்கப் போகும் பெண்களும் அங்கே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆழமில்லாத நீரில் மணிக்கணக்காக நிற்பவர்கள் தாங்கள்தாம் என்பதால் ஓடிவரும் பிள்ளை முதலில் தங்கள் கண்ணில்தான் படும் என்று அவர்கள் சொன்னது எங்களுக்குத் தோன்றாத விஷயம். நடை நாளன்று ஆண்களும் பெண்களுமாகக் கரையோரம் விட்டுவிட்டு நின்று காவல் காத்தார்கள். அதைவிடப் பெரிது அதன்பின் நடந்தது. பெற்றோர் இசைவுடன் அந்தப் பிள்ளைகளின் முகங்களையும் வீடுகளையும் கொட்டகைக்காரர்கள் இப்போது அறிந்து வைத்திருக்கிறார்கள். பிள்ளையைக் கடலே காட்டாமல் வளர்ப்பதைவிட மிதக்கக் கற்றுக்கொடுப்பதே பாதுகாப்பு என்று வாதிட்ட அந்த முதியவர், கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடகடல் அமைதியாக இருக்கும்போது பெற்றோரை உடன் வைத்துக்கொண்டு தாமே சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கீழக்கரையிலிருந்து ஒரு தாய்:

நான் நடைக்கு வருவேன் என்று நடைக்கு முந்தைய வாரம் வரை எண்ணியதில்லை. என் மகனுக்கு எட்டு வயது. சொற்களால் பேச மாட்டான். பட அட்டைகளைக் காட்டித் தனக்கு வேண்டியதைக் கேட்பான். அவனுடைய வாப்பா வளைகுடாவில் இருப்பதால் மருத்துவமனை, பள்ளி, உறவினர் வீடு எல்லாவற்றையும் நானும் என் உம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். உம்மாவின் மனத்தில் ஒரு பழைய அச்சம் இருந்தது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி 28 பேர் இறந்ததை, பக்கத்து ஊரில் இருந்து கேட்டவர் அவர். பேரனைப் பற்றி வெளியே தெரிந்தால் யாராவது அப்படி ஓரிடத்தைச் சொல்லிவிடுவார்களோ என்று அவர் அவனை வாசலுக்கே விடுவதில்லை.

வீட்டுக்கு வந்த தன்னார்வலர்களில் ஒரு பெண், மகனின் கன்னத்தைத் தொடவில்லை, பெயரைக் கேட்கவில்லை. அவன் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த தரையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, தன் பையிலிருந்த சில மூடிகளை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து அவன் அவற்றை எடுத்துத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டான். பிறகுதான் அவர் உம்மாவிடம், “மாமி, இது மனநோய் இல்லை, யாரோட கண்ணேறும் இல்லை, உங்க மக வளர்த்த முறையில வந்ததும் இல்லை” என்று பேசத் தொடங்கினார். தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பியிருந்ததையும், அந்தக் கருத்து தவறென்று எப்போதோ கைவிடப்பட்டதையும் அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனெனில் இத்தனை ஆண்டுகளாக என் காதில் நேரடியாகவும் மறைமுகமாகவும் விழுந்துகொண்டிருந்த பழி அதுவே. நடை நாளன்று பேரனின் கையைப் பிடித்து நடந்தவர் உம்மாதான். தண்ணீர்ப் பந்தல் வரை நடந்து திரும்பிவிட்டார்கள். எங்களுக்கு அதுவே பெரிது.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு செவிலியர்:

நடையின் முடிவில் போட்டிருந்த மேசையில் நான் இருந்தேன். வந்தவர்களில் பெரும்பாலானோர் கேட்டது ஒரே கேள்வி: என் பிள்ளைக்கு இருக்கிறதா, எப்போது தெரியும்? ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் வேண்டியதைச் சுட்டு விரலால் காட்டாதது, இரண்டு வயதிலும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதது, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழப்பது ஆகியவை இருந்தால் ‘ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசும்’ என்று காத்திருக்கக் கூடாது. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அதன்பின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் மதிப்பீடு செய்துகொள்ளலாம். பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் எத்தனை சீக்கிரம் தொடங்குகின்றனவோ அத்தனை பலன் உண்டு.

தடுப்பூசியால் வருகிறதாமே என்று இளம் தந்தை ஒருவர் கைப்பேசியில் வந்த காணொளியைக் காட்டினார். அப்படி ஒரு தொடர்பைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது என்று சொன்னேன். அவர் மனைவியின் கையில் இருந்த கைக்குழந்தைக்குத் தட்டம்மை ஊசி நிலுவையில் இருந்தது. அடுத்த வாரம் போட்டுக்கொண்டார்கள் என்று கிராமச் செவிலியர் மூலம் அறிந்தேன்.

நாட்டு நலப் பணித் திட்ட மாணவர் ஒருவர்:

ஒரு பிள்ளைக்கு ஒரு மாணவர் என்று துணைக்கு நின்றோம். ராமேசுவரம் போகும் வழியில் வண்டியை நிறுத்திய யாத்திரிகர்கள், கொடியும் கோஷமும் இல்லாத இது என்ன ஊர்வலம் என்று இறங்கி வந்து கேட்டார்கள். நான் சொல்லத் தொடங்குமுன் எங்களுடன் வந்த, தமக்கே ஆட்டிசம் உள்ள அண்ணன் ஒருவர் நிறுத்தி நிதானமாக விளக்கினார். ஆட்டிசத்தின் அடையாளமாகப் பலர் பயன்படுத்தும் புதிர்த் துண்டுப் படத்தைப் பதாகையில் போட வேண்டாம் என்று திட்டமிடும்போதே சொன்னவர் அவர்தான். தம்மை விடை தெரியாத புதிராக யாரும் பார்க்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் படுத்த எட்டுப் போன்ற வண்ண முடிவிலிக் குறியைப் போட்டோம். யாத்திரிகர்கள் கேட்டதற்கெல்லாம் அவரே விடை சொன்னார். நான் அருகில் நின்றேன்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தந்தை:

எல்லோரும் பிள்ளைகள், பிள்ளைகள் என்றே எழுதியிருக்கிறீர்கள். என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. அமைதியான பெண், ஒழுங்கான பெண் என்று பள்ளியில் பாராட்டிக்கொண்டே இருந்ததால் அவளுக்கு ஆட்டிசம் என்பது பதினாறு வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெண்பிள்ளைகளிடம் இது கண்ணில் படாமலே போய்விடுகிறது என்று மருத்துவர் சொன்னார். ஊருக்கு வந்த தன்னார்வலர்கள் பட்டியலில் வயதுக்குப் பதினான்கு என்ற எல்லை வைத்திருந்தார்கள். நான் கேட்டதும் அதை நீக்கிவிட்டு அவளையும் அழைத்தார்கள். நடை முழுவதையும் அவள் நடந்தாள். அவள் பின்னிய பனையோலைக் கொட்டான்களில்தான் அன்று எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார்கள். அதற்குரிய கூலியையும் அவள் கையிலேயே கொடுத்தார்கள்.

பதினெட்டு வயதுக்குப் பின் என்ன என்பதைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, தேவைப்படுவோருக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் விண்ணப்பித்துப் பெறலாம். நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழியுண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தை 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவற்றை எல்லாம் நான் அலுவலகம் அலுவலகமாக அலைந்து அறிந்தேன். கடலுக்குப் போகிற எனக்கு ஒவ்வோர் அலைச்சலும் ஒரு நாள் பாடு இழப்பு. அடுத்த முறை அந்த மேசையில் செவிலியருக்குப் பக்கத்தில் இந்த விண்ணப்பங்களை நிரப்பித் தருகிறவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மண்டபம் ஆசிரியை:

தேவிபட்டினத்து அண்ணன் சொன்னதை எங்கள் குழு அப்படியே ஏற்றுக்கொண்டது. வயது வந்தவர்களின் பெற்றோரைத் தனியே ஒருநாள் அழைத்து, அடையாள அட்டை முதல் பாதுகாவலர் விண்ணப்பம் வரை உட்கார்ந்து நிரப்பலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் அவற்றில் தொழில் செய்யும் தந்தையர் வர முடியும். அண்ணனைப் போல நாட்டுப்படகில் போகிறவர்களுக்கு மாலை நேரத்தை ஒதுக்கலாம். அடுத்த நடை தேவிபட்டினத்தில் என்றால், பாதையை முதலில் அண்ணனின் மகள் நடந்து பார்த்து, எங்கே ஓசை அதிகம், எங்கே நிழல் இல்லை என்று அவர் சொல்கிறபடி அமைத்துக்கொள்வோம். அதற்கும் கூலி உண்டு.