புதுப்பிப்பு: மண்டபம் ஊரில் சீரியல் நேரத்தில் சிக்னல் போனது சரியாகிவிட்டது

வானம் தெளிவாக இருக்கும்போதே டிஷ் சிக்னல் போகிறது, சீரியலில் கல்யாணக் கட்டம் தவறுகிறது என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தோம், பலனில்லை. 'கடலோர வீடென்றால் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்' என்று ஒருவர் சொன்னதுதான் சரி. உப்புக்காற்றில் உள்ளே செம்புக் கம்பி பச்சையாகக் களிம்பேறியிருந்தது. இரண்டு அங்குலம் வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றினோம். டிஷ் இருக்கும் இடத்துக்கு ஏறுவதற்கு முன் செட்-டாப் பாக்ஸை அணையுங்கள். கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் ஓடும்.

எதிர்பாராதது: நான்கு எபிசோடு போயும் தாலி இன்னும் மாப்பிள்ளை கையிலேயே இருக்கிறது! கல்யாணக் கட்டம் தவறவில்லை என்று அம்மாவுக்கு நிம்மதி. எனக்கோ, அந்தப் பெண் இன்னும் வாயே திறக்காமல் நிற்கிறாளே என்ற எரிச்சல்.