மறு: டிஎம்ஏ முகவரிக்குத் தமிழ் – ‘சாதனவழி முகவரி’ சரிவருமா?

வணக்கம்.

டிஎம்ஏ என்பது செயலியின் கை படாமல் சாதனமே நினைவகத்தில் நேரடியாக எழுதிப் படிக்கும் முறை. அதற்காகச் சாதனத்திடம் சொல்லும் நினைவக முகவரியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு. இந்த இழையில் நான் இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அதே முகவரிக் குழப்பத்தால் வந்த ஒரு வழுவின் (நிரல் பிழையின்) பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தேன். நேற்று அகப்பட்டது. சொல்லுக்கு வருமுன் அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எப்படிப்பட்ட சொல் வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

லினக்ஸில் ஒரு பிணைய அட்டைக்கான இயக்கி, அதாவது அட்டையை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரல். 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லை. 8 ஜிபி உள்ள கணினியில் ஓடவிட்டால் அரைமணி நேரத்துக்குள் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். கெடுவது இயக்கியாக இருந்தால் பரவாயில்லை, அதுதான் இல்லை. ஒருநாள் படக்கோப்பு ஒன்று பாதியில் சிதைந்திருக்கும். மறுநாள் சம்பந்தமே இல்லாத ஒரு நிரல் செத்து விழும். நினைவகச் சில்லுதான் போய்விட்டதோ என்று இரவு முழுக்கச் சோதனை ஓட்டினேன். சில்லு சுத்தம்.

கடைசியில், பிணையத்தில் வந்து சேரும் தரவுப் பொட்டலங்களை அட்டை எங்கே கொண்டுபோய் எழுதுகிறது என்று ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தேன். கணக்குக்கு எளிதாக உருண்டை எண்ணாகச் சொல்கிறேன். கெர்னல் (இயங்குதளத்தின் கரு) கொடுத்த முகவரி 5368709120, அதாவது 5 ஜிபி எல்லை. அட்டை படித்துக்கொள்ளும் பட்டியலில் இயக்கி எழுதியிருந்ததோ 1073741824, வெறும் 1 ஜிபி. கழித்தால் 4294967296 வருகிறது. இரண்டின் 32ஆம் அடுக்கு. பார்த்ததும் பொறி தட்டியது. இயக்கியை எழுதியவர் 64 பிட் முகவரியை 32 பிட் மாறியில் வாங்கி வைத்திருக்கிறார், மேல்பாதி உதிர்ந்துவிட்டது. 5 ஜிபியில் இறக்க வேண்டிய சரக்கை அட்டை 1 ஜிபியில் இறக்கிவிட்டுப் போகிறது, அங்கே யார் குடியிருந்தாலும் சரி. மடிக்கணினியில் உதிர்வதற்கு மேல்பாதி என்று ஒன்றே கிடையாது, எல்லாம் பூஜ்யம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இயக்கி தொடங்கும்போதே ‘என் அட்டைக்கு 64 பிட் முகவரி தெரியும்’ என்று கெர்னலிடம் சொல்லிவிடுகிறது. சும்மா இருந்திருந்தால் கெர்னல் 32 பிட் என்றே வைத்துக்கொண்டு, 4 ஜிபிக்குக் கீழே ஓரிடத்தில் பொட்டலத்தை வாங்கி, அப்புறம் மேலே நகலெடுத்துக் கொடுத்திருக்கும். கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கும், அவ்வளவுதான்.

சரி, இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

> ‘இயற்பியல் முகவரி’ என்றே சொல்லிவிடலாமே, இதற்குத் தனிச்சொல் எதற்கு?

இதற்குப் பதில் என் சோதனையிலேயே கிடைத்தது. வழுவைத் தேடும்போது ஐஓஎம்எம்யூவை இயக்கிப் பார்த்தேன். சாதனம் சொல்லும் முகவரியை வாங்கி, நினைவகத்தின் உண்மையான இடத்துக்கு மாற்றிக் கொடுக்கும் வன்பொருள் அது. இயக்கியவுடன் வழு மாயமாக மறைந்தது! எண்களை மறுபடி அச்சிட்டேன். பொட்டலம் இருக்கும் இடம் பழையபடி 4 ஜிபிக்கு மேலேதான். அட்டையிடம் கொடுத்த முகவரி மட்டும் 4 ஜிபிக்குக் கீழே. இந்த அட்டையைப் போன்ற பிசிஐ சாதனங்களுக்கு லினக்ஸ் முதலில் 32 பிட்டுக்குள் அடங்கும் முகவரியாகப் பார்த்துத்தான் ஒதுக்கும். அதனால் உதிர ஒன்றும் இல்லை. வழு தீரவில்லை, ஒளிந்துகொண்டது.

ஆக ஒரே பொட்டலத்துக்கு மூன்று எண்கள். கெர்னல் நிரல் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரி ஒன்று, நினைவகத்தில் அது உண்மையில் இருக்கும் இடம் ஒன்று, அட்டையிடம் சொல்லும் எண் ஒன்று. பின்னிரண்டும் பல கணினிகளில் ஒன்றாகவே இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் ஒரே பெயர் போதும் என்று தோன்றுகிறது.

அந்த நடு முகவரிக்கு ‘இயற்பியல்’ என்ற அடைமொழியே எனக்கு ஒவ்வாது. அது ஓர் அறிவியல் துறையின் பெயர். ‘மெய்முகவரி’ போதும். மெய்க்கு உடம்பு என்றும் பொருள், உண்மை என்றும் பொருள். இரண்டுமே இங்கே பொருந்துகின்றன, மெய்நிகருக்கும் சரியான ஜோடி. மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளம் தன் மெய்முகவரி என்று நினைப்பது மெய்யல்ல என்று யாராவது மடக்கலாம். உண்மைதான். அங்கே ‘விருந்தினர் மெய்முகவரி’ என்று அடைமொழி சேர்த்துச் சமாளிக்க வேண்டும். ஆங்கிலத்திலும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

> ‘பாட்டை முகவரி’ ஏன் கூடாது? பாட்டை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்.

கணினிக்குள் தரவு போய்வரும் தடமான ‘பஸ்’ஸுக்குப் பாட்டை நல்ல சொல்தான், பாதை என்று பொருள். ஆனால் முகவரியைச் சுமந்துபோகும் தடத்துக்கு ‘முகவரிப் பாட்டை’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. முன்பின் மாற்றிப் போட்டு இன்னொன்றா? படிக்கிறவர் பாவம். தவிர, ‘பாட்டை எழுது’ என்று ஒரு வரியில் வந்தால் எனக்குப் பாட்டுதான் ஞாபகம் வருகிறது. அது என் குறையாகவும் இருக்கலாம்.

> ‘சாதன முகவரி’ எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான், ஆனால் தப்பான பொருள் தரும். வீட்டு முகவரி என்றால் வீடு இருக்கும் இடம். அந்த வீட்டில் இருப்பவர் குறித்து வைத்திருக்கும் வேறொருவர் முகவரி அல்ல. அதேபோல் சாதன முகவரி என்றால் சாதனம் இருக்கும் இடம் என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும். அட்டையின் பதிவகங்களுக்கும் (அட்டைக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களுக்கும்) முகவரி உண்டு, இயக்கி அவற்றைத் தொடுவது அதை வைத்துத்தான். இந்தப் பெயர் அதற்குப் போகட்டும்.

என் பரிந்துரை ‘சாதனவழி முகவரி’. கணினிவழிக் கல்வி, வாய்வழித் தேர்வு என்று சொல்லிச் சொல்லிப் பழகிய ‘வழி’தான். சாதனத்தின் வழியாகப் போனால் நினைவகம் எந்த எண்ணில் கிடைக்குமோ அந்த எண். பாட்டையில் இருந்த பாதையும் இதற்குள் வந்துவிடுகிறது. முதலில் ‘காண்முகவரி’ என்று யோசித்தேன். வினைத்தொகை, பார்க்க அழகு. ஆனால் காண்பது யார் என்று அது சொல்லவில்லை, நம் சிக்கலே அந்த ‘யார்’தான். நீளம் என்று தோன்றினால், ஒரு பத்தியில் முதல்முறை முழுதாக எழுதிவிட்டு அப்புறம் ‘வழிமுகவரி’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

போகிற போக்கில் இன்னொன்று. 4 ஜிபிக்குக் கீழே வாங்கி மேலே நகலெடுக்கும் அந்த இடையகத்துக்கு (தற்காலிக நினைவிடத்துக்கு), ஆங்கிலத்து ‘பவுன்ஸ் பஃபர்’ஐ அப்படியே பெயர்த்து, ‘துள்ளல் இடையகம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாமே. அங்கே எதுவும் துள்ளவில்லை. ‘கைமாற்று இடையகம்’ என்று வையுங்கள். தரவு கைமாறுகிறது, அது ஒன்று. இயங்குதளம் தொடங்கும்போதே இதற்கென்று ஒரு தொகுப்பை, லினக்ஸில் வழக்கமாக 64 எம்பி, ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து துண்டு துண்டாக வாங்கிப் பயன்படுத்திவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். தராமல் இழுத்தடித்தால் தொகுப்பு காலியாகி அடுத்தவருக்கு இல்லை என்றாகிவிடும். கைமாற்று வாங்கியவர்களுக்கு இது விளக்காமலே புரியும்.

திருத்தம் மிகச் சிறியது. மாறியின் வகையை, இந்த முகவரிக்கென்றே கெர்னலில் இருக்கும் தனி வகையாக மாற்றினேன். பட்டியலில் கீழ் 32 பிட்டை மட்டும் எழுதிய இடத்தில் மேல் 32 பிட்டையும் எழுதினேன். மேல்பாதியை எடுக்கப் பிட்டுகளை வலப்பக்கம் 32 இடம் நகர்த்தினால், அந்த வகை 32 பிட்டாகவே இருக்கும் கணினிகளில் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) முறைத்துப் பார்க்கும். அதற்காகக் கெர்னலில் உள்ள குறுநிரல் (மேக்ரோ) 16 இடமாக இரண்டு முறை நகர்த்துகிறது. சின்னத் தந்திரம், ஆனால் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

நிரலில் தமிழில் எழுதிவைத்த குறிப்பு இது:

‘இங்கே வைப்பது இடையகத்தின் சாதனவழி முகவரி. மெய்முகவரியோடு ஒத்துப்போகும் என்று நம்பாதே. 32 பிட்டில் அடங்கும் என்றும் நம்பாதே.’

வேறு சொல் வைத்திருப்பவர்கள் இந்த வரியில் அதைப் பொருத்தி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்தத் திருத்தத்தை ஒட்டாக (பேட்ச்) நாளை மாலை அனுப்புகிறேன். அதற்குள் இதைவிட நல்லது வந்தால் குறிப்பை மாற்ற எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.