உதவி தேவை: உறையை நீக்கிய கேஸ் கிரில்லில் தீ எழும்பவில்லை

மொட்டைமாடி:
வணக்கம். பல மாதங்களாக உறையிட்டு வைத்திருந்த கேஸ் கிரில்லை இன்று பற்றவைத்தேன். எரிகிறது, ஆனால் தீ எழும்பவே இல்லை. மூடியை இறக்கி வெகுநேரம் காத்திருந்தும் வெப்பமானியின் முள் 120ஐத் தாண்டவில்லை. சிலிண்டர் நிறைந்தே இருக்கிறது. மாலையில் விருந்தினர் வருகிறார்கள். ரெகுலேட்டரை மாற்றினால் சரியாகிவிடுமா என்பதை மட்டும் யாராவது விரைந்து சொல்லுங்கள்.

அகல்:
சொல்லலாம், ஆனால் தாங்கள் எழுதியதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலவில்லை. அந்த 120 செல்சியஸா, பாரன்ஹீட்டா? எத்தனை பர்னர்கள், அவை அனைத்துமே தாழ்ந்து எரிகின்றனவா, ஒன்று மட்டுமா? சுடர் நீலமா, மஞ்சளா? சிலிண்டரில் இருப்பது புரொப்பேனா, பியூட்டேனா? சிலிண்டர் நிறைந்திருப்பதை எப்படி அறிந்தீர்கள்? பலர் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள், ஆனால் காலிச் சிலிண்டரும் கனமாகத்தான் இருக்கும்.

நீலச்சுடர்:
இவ்வளவு கேள்விகள் தேவையில்லை என்று நினைக்கிறேன். இது பெரும்பாலும் ரெகுலேட்டரின் பாதுகாப்பு அமைப்பு செய்யும் வேலை. பல ரெகுலேட்டர் இணைப்புகளில், வாயு திடீரென்று மிகுதியாகப் பாய்ந்தால் எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று கொண்டு, ஓட்டத்தை மிகச் சிறிதாகக் குறைத்துவிடும் ஏற்பாடு உண்டு. கிரில்லின் குமிழ்கள் திறந்திருக்கையில் சிலிண்டர் வால்வைத் திறந்தாலோ, வால்வை ஒரேயடியாகத் திருகினாலோ, கசிவு ஏதும் இல்லாமலேயே அது விழித்துக்கொள்ளும். தீ எரியும், சூடு ஏறாது.

எல்லாக் குமிழ்களையும் அடைத்து, சிலிண்டர் வால்வையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டுவிடுங்கள். மீண்டும் பொருத்தியபின், கிரில்லின் மூடியை உயர்த்திவைத்துக்கொண்டு, சிலிண்டர் வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறந்து, அதன் பிறகே ஒரு பர்னரைப் பற்றவையுங்கள். அணைக்கும்போது குமிழ்களை அடைக்காமல் சிலிண்டரை மட்டும் மூடிச் செல்லும் பழக்கம் இருந்தால், அடுத்த முறையும் இதே நிலைதான்.

மூத்தபொறி:
பருவம் மாறும் ஒவ்வொரு முறையும் இதே கேள்வி இங்கே எழுகிறது, பழைய இழைகளைப் படிக்கும் சிரமத்தை எவரும் மேற்கொள்வதில்லை. அடிப்படை இயற்பியலிலிருந்து தொடங்குவோம். புரொப்பேன் −42 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், பியூட்டேனோ ஏறத்தாழ 0 டிகிரியிலேயே ஆவியாக மறுக்கும். குளிரில் பியூட்டேன் சிலிண்டரை வைத்துக்கொண்டு தீ எழும்பவில்லை என்று வருந்துவோர், ரெகுலேட்டரைக் குறைகூறுவதில் பொருளில்லை. புரொப்பேனாகவே இருந்தாலும், ஆவியாகும் திரவம் தனக்குத் தேவையான வெப்பத்தைச் சிலிண்டரிலிருந்தே உறிஞ்சுவதால், எல்லாப் பர்னர்களையும் நெடுநேரம் எரித்தால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் குறையும். அதன் வெளிப்புறத்தில் பனி படிவதை யாரேனும் கவனித்ததுண்டா என்பதே என் ஐயம்.

மொட்டைமாடி:
செல்சியஸ். புரொப்பேன். மூன்று பர்னர்கள். இங்கே குளிர் இல்லை. நீலச்சுடர் சொன்னபடி செய்தேன், நடுவிலும் வலப்புறத்திலும் தீ நன்றாக எழுந்துவிட்டது. இடப்புறத்துப் பர்னர் மட்டும் மஞ்சளாக, தளர்ந்து அசைகிறது, பாதி நீளத்துக்கு மேல் தீயே இல்லை. அந்தக் குமிழின் பின்னால் மெல்லிய சீறல் கேட்கிறது, குமிழும் சுடுகிறது. விருந்துக்கு இது போதுமா?

அகல்:
போதாது. உடனே எல்லாவற்றையும் அடைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டு, பிறகு படியுங்கள்.

குமிழ் சுடுகிறது என்பது தீ பர்னரின் துளைகளில் எரியாமல், பின்னோக்கி வந்து குழாயின் வாயருகே, அதாவது குமிழ்ப் பலகைக்குப் பின்னால், எரிவதன் அறிகுறி. வால்வும் ரப்பர் குழாயும் அங்கேதான் இருக்கின்றன. இது பெரும்பாலும் சிலந்தியின் வேலை. பர்னரின் முனையில், வாயுவும் காற்றும் கலப்பதற்கென்று வென்சூரி எனப்படும் குறுகிய குழாய் இருக்கும். எரிவாயுவின் மணத்தை நாடிச் சிறு சிலந்திகள் அதற்குள் கூடு கட்டுகின்றன. மஞ்சள் பை சிலந்தி எரிபொருள் தொட்டியின் காற்றோட்டக் குழாயில் வலை பின்னுவதற்காக, மஸ்டா நிறுவனம் 2011இல் பல்லாயிரம் கார்களைத் திரும்ப அழைத்ததே, அதே நாட்டம்தான் இங்கும். வலை காற்றைத் தடுத்தால் சுடர் மஞ்சளாகும். இன்னும் அடைத்தால் வாயு வெளியே வழிந்து, நீங்கள் சொன்ன இடத்தில் தீப்பற்றும்.

ஆறியபின் அந்தப் பர்னரைக் கழற்றுங்கள். குழாய்க்குள் நீண்ட மென்தூரிகையை முழு நீளமும் செலுத்தி இழுத்தால், சாம்பல் நிறப் பஞ்சுபோல் ஏதோ ஒன்று முனையில் சுற்றிக்கொண்டு வரும். துளைகளைத் தூரிகையால் குறுக்காகத் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் தேய்த்தால் அழுக்கு அடுத்த துளைக்குள் புகும். அடைபட்ட துளையை மெல்லிய கம்பியால் திறக்கலாம், ஆனால் அகலமாக்கிவிடக் கூடாது. திரும்பப் பொருத்தும்போது, வால்வின் நுனி குழாயின் வாய்க்குள் சரியாக நுழைந்திருக்கிறதா என்று குனிந்து கண்ணால் பாருங்கள். விலகியிருந்தால், துப்புரவு செய்ததற்கு முன்பிருந்த நிலையைவிட மோசமாகிவிடும்.

மூத்தபொறி:
கார்களைப் பற்றிய செய்தி இங்கே தேவையற்றது. ஆனால் வென்சூரி குறித்த கூற்று சரியே.

துருவெதிரி:
எல்லோரும் விளைவைப் பேசுகிறீர்கள், காரணத்தை யாரும் தொடவில்லை. மாதக்கணக்கில் உறையிட்டு மூடியதே இதற்கு வித்து. இருட்டு, அசையாத காற்று, தட்டில் தேங்கிய கொழுப்பு ஆகிய மூன்றும் ஒரே கூரைக்குள் கிடைத்தால் சிலந்தியும் வரும், எலியும் வரும். எலி ரப்பர் குழாயையும் கடிக்கும். உறைக்குள் அடைபட்ட ஈரம் வார்ப்பிரும்புத் தட்டியை அரித்துவிடும். நான் உறையே போடுவதில்லை.

மூத்தபொறி:
மழையில் நனையவிட்டுத் துருவைத் தடுக்கிறேன் என்று ஒருவர் பெருமை கொள்வது இந்த இழையின் மிகச் சிறந்த பகுதி. குற்றம் உறையில் இல்லை, சூடாக இருக்கும்போதோ ஈரமாக இருக்கும்போதோ போர்த்துவதில் இருக்கிறது. முழுவதும் ஆறவிட்டு, கொழுப்புத் தட்டைக் காலிசெய்து, தட்டிகளில் மெல்லிய எண்ணெய் பூசி, அதன் பின் உறையிடுபவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

துருவெதிரி:
ஐயா, எல்லோரும் தங்களைப் போலவே செய்வார்கள் என்று தாங்கள் எண்ணுகிறீர்கள். பெரும்பாலோர் சமைத்த சூட்டோடு மூடியை இறக்கிவிட்டு, மறுநாள் காலைப் பனியில் உறையைப் போர்த்துகிறார்கள். அத்தகையோருக்கு, உறையில்லாமல் கூரையின் கீழ் நிறுத்துவதே மேல்.

நீலச்சுடர்:
உறை போடுபவரும் மாதம் ஒருமுறை அதை நீக்கி, பதினைந்து நிமிடங்கள் எரித்துவிட்டால் இந்தச் சச்சரவுக்கே இடமில்லை. ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் என் கிரில்லில் ஒருபோதும் வலையைக் கண்டதில்லை. நீண்டகாலம் நிறுத்திவைக்க வேண்டியவர்கள் பர்னர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, தனியே சுற்றி வீட்டுக்குள் வைக்கட்டும். சிலிண்டர் மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே வரக் கூடாது, அது வெளியில், நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே கலைந்து போகாமல் தரையில் தேங்கும்.

மொட்டைமாடி:
வலைதான். கிடைத்தது. இப்போது மூன்றும் நீலம்.

அகல்:
மகிழ்ச்சி. பொருத்திய பின் சோப்பு நீர்ச் சோதனை செய்தீர்களா? சம அளவு சோப்பும் நீரும் கலந்து, சிலிண்டர் வால்வு திறந்த, குமிழ்கள் மூடிய நிலையில், ரப்பர் குழாயின் இரு முனைகளிலும் ரெகுலேட்டர் இணைப்பிலும் தடவிப் பாருங்கள். குமிழிகள் பெருகினால் அங்கே கசிவு இருக்கிறது. தீக்குச்சியால் சோதிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். சூடுபட்ட குமிழின் பின்னாலுள்ள ரப்பர் குழாயில் உருகிய தடமோ வெடிப்போ இருந்தால், இன்றைய விருந்தைத் தள்ளிவைத்தாலும் சரி, குழாயை மாற்றிவிடுங்கள்.

மொட்டைமாடி:
குமிழி இல்லை. குழாயில் தடமும் இல்லை. 260 வரை ஏறிவிட்டது. மூடியின் உட்புறத்திலிருந்து கறுப்புப் பெயின்ட் உரிந்து விழுகிறது, இது நஞ்சா? விருந்தினர் வந்துவிட்டார்கள்.

துருவெதிரி:
பெரும்பாலும் அது பெயின்டே அன்று. புகையும் கொழுப்பும் படிந்து கருகிய கரி, சூடு ஏறும்போது செதிலாக உரிகிறது. சமையலைத் தொடங்குமுன் சுரண்டி எடுத்துவிடுங்கள். கம்பித் தூரிகையைப் பயன்படுத்தினால் உதிர்ந்த கம்பியிழை ஒன்றுகூடத் தட்டியில் ஒட்டியிராதவாறு ஈரத்துணியால் துடைத்த பிறகே உணவை வையுங்கள். அது தொண்டையில் சிக்கினால் அறுவைச் சிகிச்சை வரை போகும்.