பி.ஏ. வரலாறும் ஏழரை லட்சமும்

வாட்ஸ்அப் குழு: மேலவீதி வீடு, தஞ்சாவூர்

அப்பா: எல்லோருக்கும் ஒரு விஷயம். கயல் பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. சென்னைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம், மூன்று ஆண்டுக்கு ஏழரை லட்சம். கல்விக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். மச்சான், நீங்கள் வங்கியில் இருந்தவர். சொல்லுங்கள்.

பெங்களூரு அண்ணன்: வாழ்த்துகள் கயல்! சித்தப்பா, யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலம் நன்றாக வரும், இன்டர்ன்ஷிப் கிடைக்கும். என் அலுவலகத்திலேயே பி.ஏ. படித்தவர்கள் நல்ல நிலையில் இருக்கிறார்கள்.

மாமா: கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் மாப்பிள்ளை. ஏழரை லட்சம் வரை அரசு உத்தரவாதத் திட்டம் இருப்பதால் சொத்து அடமானம் இல்லாமலே கிடைக்கும். ஆனால் நீங்களும் கூட்டுக் கடன்தாரர். அவளால் கட்ட முடியாவிட்டால் கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து அடிபடும்.

மாமா: வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் மூன்று ஆண்டும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை இல்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். முதல் இரண்டரை லட்சத்துக்கு நான்கு ஆண்டு, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. அதுவே 2.25 லட்சம். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 9.75 லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 12,900 ரூபாய். 15 ஆண்டு என்றால் சுமார் 10,500. ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 19 லட்சம் கட்டியிருப்பீர்கள்.

அப்பா: 19 லட்சமா?

மாமா: ஆமாம். எத்தனையோ அப்பாக்கள் என் மேசையில் கையெழுத்துப் போட்டார்கள். இந்தக் கடைசித் தொகையை ஒருவரும் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அத்தை: தம்பி, நானும் வரலாறு படித்தவள்தான். படித்ததற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை, கயலும் வருந்த மாட்டாள். ஆனால் ஆசிரியர் ஆவதற்கு பி.எட். இன்னும் இரண்டு ஆண்டு, அப்புறம் தகுதித் தேர்வு. கல்லூரியில் பாடம் நடத்த எம்.ஏ., அதற்கு மேல் நெட் அல்லது செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வு. என்னிடம் படித்து பி.ஏ.வோடு நிறுத்திய பிள்ளைகள் நம் ஊரில் முதலில் வாங்கும் சம்பளம் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம். இந்தப் படிப்பு பலன் கொடுக்க ஐந்தாறு ஆண்டு பிடிக்கும். தவணை அதற்கு முன்பே வந்து நிற்கும்.

பெங்களூரு அண்ணன்: மேற்படிப்பு படித்தால் தவணையைத் தள்ளிவைக்க மாட்டார்களா மாமா?

மாமா: கேட்கலாம். கொடுத்தாலும் வட்டி நிற்காது.

கயல்: அங்கே மாணவர்களை அகழாய்வுக்கு அழைத்துப் போவோம் என்று சொன்னார்கள். அதற்காகத்தான் ஆசைப்பட்டேன். அப்பாவுக்குச் சுமையாக இருக்கும் என்றால் வேண்டாம்.

அத்தை: கண்ணு, நீ ஆசையை விட வேண்டாம். இதே பி.ஏ. வரலாறு நம் ஊர் குந்தவை நாச்சியார் அரசுக் கல்லூரியிலும் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது, மற்ற கட்டணங்கள் மட்டும்தான். நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை.

பெங்களூரு அண்ணன்: சரி அத்தை, ஆனால் ஆங்கிலத்துக்கு என்ன செய்வது? அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தானே ஓட்டுகிறார்கள்?

அத்தை: அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆங்கிலத்துக்கு நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். நீ வாரம் ஒரு மணி நேரம் அவளோடு ஆங்கிலத்தில் பேசேன்.

பெங்களூரு அண்ணன்: கண்டிப்பாக. ஞாயிறு காலை என் பொறுப்பு.

மாமா: எம்.ஏ.வுக்கு நல்ல இடம் கிடைத்தால் அப்போது கடன் வாங்கட்டும் மாப்பிள்ளை. தொகையும் குறைவாக இருக்கும், முடித்ததும் வேலைக்கும் பக்கத்தில் இருப்பாள்.

கயல்: மாமா, பெரிய கோயில் கல்வெட்டிலும் கடன் கணக்கு இருக்கிறது, எங்கள் டீச்சர் காட்டினார்கள். கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு, சந்திரனும் சூரியனும் உள்ள வரை வட்டி கட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வட்டிக்கு அங்கே பொலிசை என்று பெயர். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு.

மாமா: அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. 12.5 சதவீதம்! இத்தனை வருடம் வங்கியில் இருந்தும் இது எனக்குத் தெரியாது.

அத்தை: பார்த்தாயா, நீ படிக்க வேண்டியது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்குமாக ஒரு துறையே உண்டு.

அப்பா: தனியார் இடத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். கயல், உன் முடிவுதான். நீ என்ன சொல்கிறாய்?

கயல்: கட்ட வேண்டாம் அப்பா. அரசுக் கல்லூரிக்கு இன்று இரவே இணையத்தில் விண்ணப்பித்துவிடலாம். அத்தை, சாதிச் சான்றிதழ் பழையது இருக்கிறது, போதுமா?

அத்தை: போதும். ஆதாரும் மதிப்பெண் பட்டியலும் எடுத்து வை. ஏழு மணிக்கு வருகிறேன்.